ஊர்வல அந்துப்பூச்சி: சொல் விளக்கம்

ஐரோப்பாவின் ஓக் மரங்களில் இலை தின்று வளரும் ஒரு பூச்சிக்கு அறிவியல் பெயர் தௌமெட்டோபியா புரொசெஷனியா. வாயில் நுழையாத பெயர்தான், பிரித்தால் சுலபம். இரண்டாம் பாதி 1758இல் ஸ்வீடன் நாட்டு இயற்கை ஆய்வாளர் லின்னேயஸ் வைத்தது. லத்தீனில் புரோசெசியோ என்றால் ஊர்வலம். முதல் பாதி பின்னால் வந்து சேர்ந்த கிரேக்கம்: தௌமா வியப்பு, பொயியோ செய்தல்.

வித்தை காட்டுவது பூச்சியல்ல, அதன் புழு. பகலில் மரத்தண்டிலோ கிளையிலோ நூல் கூட்டுக்குள் கும்பலாகக் கிடக்கும். இருட்டியதும் ஒன்றன் வாலை ஒன்று தொட்டபடி இலை தேடிக் கிளம்பும். முன்னால் ஒன்று, பின்னால் போகப்போக வரிசை அகலும். வளர்ந்த அந்துப்பூச்சியோ மங்கிய சாம்பல் பழுப்பு நிறத்தில் இரவில் பறந்துவிட்டுப் போகும், அவ்வளவுதான். டச்சுக்காரர்கள் பெயரிலேயே ரூப்ஸ், அதாவது புழு, என்று சேர்த்திருக்கிறார்கள். ஜெர்மானியர் ஷ்பின்னர், நூற்பது, என்றார்கள்.

இதற்குத் தமிழில் பெயர் வைக்க ஊர்வலம் என்ற சொல்லை எடுக்கலாம். ஊர்வலம் என்றால் ஊரை வலம் வருதல். இதில் வரும் 'ஊர்' வேறு, புழு ஊர்வது வேறு. ஆனாலும் காதுக்கு இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. அணிவகுப்பு என்றும் சொல்லலாம், அதில் பட்டாள வாடை அடிக்கிறது. ஓக்கிற்குக் கருவாலி என்ற சொல் இருக்கிறது. பலருக்கும் ஓக்தான் தெரியும் என்பதால் அதையே வைத்துக்கொள்ளலாம்: ஓக் ஊர்வல அந்துப்பூச்சி.

ஆனால் எச்சரிக்கைப் பலகையில் இந்தப் பெயர் உதவாது. ஆபத்து புழுவின் நுண்மயிர்களில் இருக்கிறது. அவற்றிலுள்ள தௌமெட்டோபொயின் என்ற புரதம் தோலில் பட்டால் அரிப்பும் தடிப்பும், கண்ணில் பட்டால் எரிச்சல், மூச்சில் போனால் தொண்டைவலி, சிலருக்கு மூச்சுத்திணறல். மயிர் உதிர்ந்து காற்றில் பரவும். புழு போன பிறகும் பழைய கூட்டில் தங்கியிருக்கும். 2006இல் லண்டனில் தென்பட்டதிலிருந்து பிரிட்டனில் இதைக் கண்காணித்து வருவதற்கு மரங்களுக்கு வரும் சேதத்தோடு இந்த அரிப்பும் காரணம். 'அந்துப்பூச்சி ஜாக்கிரதை' என்று எழுதினால் படிப்பவர் விளக்கடியில் பறப்பதைத் தேடுவார், தண்டில் ஊர்வதைக் கவனிக்கமாட்டார்.

புழுவுக்கு இலங்கைத் தமிழில் நல்ல சொல் உண்டு: மயிர்க்கொட்டி. கொட்டும் என்ற செய்தி பெயருக்குள்ளேயே இருக்கிறது. அதனால் பூச்சியியல் நூலுக்கு ஓக் ஊர்வல அந்துப்பூச்சி, பூங்கா வாசலுக்கு ஓக் ஊர்வல மயிர்க்கொட்டி என்று வைத்துக்கொள்ளலாம். மயிர்க்கொட்டி பழகாதவர்களுக்குக் கம்பளிப்புழு.