உப்புக் காற்றைச் சொல்லி விற்கும் பூச்சு

கார் வாங்கப் போய், பேரம் பேசி ஐம்பதாயிரம் குறைத்துவிட்டு, கையெழுத்து வைக்கும் மேசையில் இரண்டு இலட்சத்தைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். அண்டர்கோட் (காரின் அடியில் அடிக்கும் துருத்தடுப்புப் பூச்சு), செரமிக் கோட்டிங் (பெயின்ட்மேல் பூசும் மினுக்குப் பூச்சு), சீட் கவர், மேலதிக வாரண்டி, டொக்கியுமென்ட் சார்ஜ் என்று சின்னச் சின்ன வரிகளாக அது ஏறும்.

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் சுலபமாக விலைபோவது அண்டர்கோட்தான். “கடல் காத்து சேர், மூண்டு வருசத்தில அடி உக்கிப்போயிடும்” என்று விற்பவர் சொன்னால், கடலோரக் கல்லடியில் வீடுள்ளவர் மறுப்பாரா? பேச்சில் பாதி உண்மை. ஆனால் இன்றைய கார்களின் உலோக உடலைத் தொழிற்சாலையிலேயே துருத்தடுப்புப் பூச்சில் முழுதாக முக்கி எடுத்துவிடுகிறார்கள். புதுக் காருக்கு அதன்மேல் இன்னொன்று அவசரமில்லை.

ஜப்பானில் ஓடி வந்த ரீகண்டிஷன் காருக்கோ, இது காசோடு முடியாது. அங்கே பனி கொட்டும் வடபகுதிகளில் வீதிக்கு உப்புத் தூவுவார்கள். அங்கு ஓடிய காரின் அடி முன்பே துருப்பிடித்திருக்கலாம். அதன்மேல் கறுப்புப் பூச்சை அடித்தால் துரு கண்ணுக்கு மறையும்; உள்ளே ஈரம் சிக்கி அரிப்பு நடந்துகொண்டே இருக்கும். கதவுகளின் அடிவிளிம்பில் தண்ணீர் வடியச் சிறு துளைகள் உண்டு. கவனமில்லாமல் அடித்தால் அவையும் அடைபடும். மாரி மழைக்குப் பிறகு கதவைச் சாத்தும்போது உள்ளே தண்ணீர் சலசலத்தால் முதலில் அந்தத் துளைகளைப் பாருங்கள்.

ஆகவே பூச்சுக்குமுன் காரை லிஃப்டில் ஏற்றி அடியைப் பாருங்கள். ஜப்பான் ஏலத்தில் காரின் நிலையைக் குறித்த ஏலத்தாளையும் கேளுங்கள், அதிலுள்ள செசி இலக்கம் காரோடு பொருந்த வேண்டும். அந்தத் தாளிலுள்ள கார்ப் படத்தில் ‘எஸ்’ என்றால் துரு, ‘சி’ என்றால் அரிப்பு, இரட்டை ‘எக்ஸ்’ என்றால் மாற்றிய பாகம். கடலோரத்தில் உண்மையில் கைகொடுப்பது, அடித்தட்டையும் சக்கர வளைவுகளையும் அடிக்கடி நல்ல தண்ணீரால் கழுவுவதுதான்.

செரமிக் கோட்டிங் கழுவுவதை இலகுவாக்கும், மினுக்கும். அதற்கு விற்பவர் சொல்லும் ‘9 எச்’ என்பது பென்சில் கடினத்தின் அளவு. பறந்துவரும் கல்லுக்கு அது கவசமல்ல.

இந்தச் சாமான்களை லீசிங்கில் சேர்ப்பதுதான் பெரிய அடி. “மாசம் நாலாயிரத்துச் சொச்சம்தானே” என்பார்கள். இரண்டு இலட்சத்தை 14 வீதத்தில் 5 வருடத்துக்குச் சேர்த்தால் தவணை ஏறக்குறைய 4,650 ரூபாய் கூடும். கட்டி முடிக்கையில் 2,79,000 தாண்டும். சீட் கவர் அதற்கு முன்பே கிழிந்திருக்கும். “எட்டு வீதம்தான்” என்றால், பிளாட்டா (கடைசிவரை முழுக் கடனுக்கும் வட்டி), குறையும் மீதிக்கா (கட்டக் கட்டக் குறையும் கடனுக்கு மட்டும் வட்டி) என்று கேளுங்கள். 5 வருடத்துக்கு 8 வீதப் பிளாட், குறையும் மீதிக் கணக்கில் கிட்டத்தட்ட 14 வீதம். வீதத்தை விட்டு, மொத்தமாக எத்தனை ரூபாய் கட்டுவேன் என்று எழுதி வாங்குவதே சுருக்கமான வழி.

லீசிங்குக்கு முழுக் காப்புறுதி கேட்பார்கள், அது நியாயம். மேசையில் நீட்டும் ஒரே விலையை மட்டும் எடுக்காமல், இரண்டு இடத்தில் விலை கேளுங்கள். பழைய வாகனத்துக்கு இழப்பீடு கேட்காததற்குக் கிடைத்த கழிவான நோ கிளேம் போனஸைக் கொண்டுவர முடியுமா என்றும் விசாரியுங்கள்.

டொக்கியுமென்ட் சார்ஜில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போகும் காசு ஒன்று, ஓடித்திரிபவரின் கூலி இன்னொன்று. இரண்டையும் பிரித்து எழுதச் சொல்லுங்கள். முதலாவதற்குத் திணைக்களப் பற்றுச்சீட்டு கைக்கு வர வேண்டும்.