டாக்டர் உயிலில் எழுதிவைத்த பணம் ஆராய்ச்சி உதவித்தொகையாக வருவது எப்படி?

மருத்துவ ஆராய்ச்சிக்கான உதவித்தொகை ஒரு டாக்டரின் பெயரில் இருந்தால், பல நேரம் அது அவர் உயில் மூலமாகப் பல்கலைக்கழகத்துக்குப் போன பணம். விண்ணப்பிக்கிறவர்கள் தொகையையும் கடைசித் தேதியையும் பார்ப்பதோடு சரி. ஆனால் அவர் வைத்துவிட்டுப் போன நிபந்தனைகளைத்தான் முதலில் படிக்க வேண்டும், தேர்வுக் குழு அதை மீற முடியாது.

பணம் வருவதற்கே நாளாகும். உயிலில் ஒரு தொகையைக் குறிப்பிட்டிருக்கலாம், இல்லையென்றால் கடன், வரி, உறவினர் பங்கு எல்லாம் போக மிச்சம் பல்கலைக்கழகத்துக்கு என்று இருக்கலாம். இரண்டாவது வகையில், உயிலை நிறைவேற்றுகிறவர் சொத்தை விற்றுக் கணக்கை முடிக்கும்வரை எவ்வளவு வரும் என்றே தெரியாது. அதனால் செய்தி வந்த உடனே உதவித்தொகை தொடங்கிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

வந்த பணத்தையும் அப்படியே பிரித்துக் கொடுக்க மாட்டார்கள். வழக்கமாக முதல் தொகையைத் தொடாமல் முதலீடு செய்து, வருடத்துக்கு 4 முதல் 5 சதவீதம் போல எடுப்பார்கள். 100க்கு 7 கிடைத்தால் 4ஐக் கொடுத்துவிட்டு 3ஐ முதலோடு சேர்ப்பது, விலைவாசி ஏறினாலும் உதவித்தொகையின் மதிப்பு தேயாமல் இருக்கத்தான். பெரிய சொத்து எழுதிவைத்தும் வருடத்துக்கு ஒருவருக்குத்தானா என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். சந்தை சரிந்தால் சில இடங்களில் அந்த வருடம் புதிதாக ஆளே எடுக்காமலும் விடுவார்கள்.

சரி, நிபந்தனைக்கு வருவோம். 1714இல் இறந்த ஜான் ராட்கிளிஃப் என்ற ஆங்கிலேய மருத்துவர், ஆக்ஸ்ஃபோர்டில் மருத்துவம் படிக்கும் இருவருக்கு வருடம் 600 பவுண்டு எழுதிவைத்தார். ஒருவருக்குப் பத்து வருடம்தான், அதில் பாதிக் காலமாவது கடல் கடந்து போய்க் கற்க வேண்டும் என்பது ஏற்பாடு. இது நல்ல நிபந்தனை என்பேன்: எந்த நோயை, எந்த முறையில் ஆராய வேண்டும் என்று கட்டிப்போடவில்லை. ஒரே நோய்க்கு மட்டும் என்று குறுக்கி எழுதினால், பிற்காலத்தில் அந்த நோயே அரிதாகி, பணம் இருந்தும் வாங்க ஆளில்லாமல் போகலாம். அப்புறம் நோக்கத்தை மாற்ற நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கும்.

விண்ணப்பிக்கும் முன் கவனிக்க வேண்டியது இதுதான்: ‘மருத்துவ ஆராய்ச்சி’ என்பதில் யாரெல்லாம் அடக்கம்? சில உயில்களில் மருத்துவப் பட்டம் பெற்றவர்களுக்கு மட்டும் என்று இருக்கும், சிலவற்றில் ஆய்வகத்தில் புற்றுநோய்ச் செல்லை ஆராயும் உயிரியல் மாணவருக்கும் இடம் உண்டு. தொகை உங்கள் மாதச் செலவுக்கா, ரசாயனத்துக்கும் கருவிக்குமா என்பதையும் பாருங்கள், இரண்டும் ஒன்றல்ல. வேறு உதவித்தொகை வாங்கிக்கொண்டே இதையும் வாங்கலாமா என்பது இடத்துக்கு இடம் மாறும். காலக்கெடு மூன்று வருடம், ஆய்வோ ஐந்து வருடம் இழுக்கும் என்றால் கடைசி இரண்டு வருடத்துக்கு என்ன வழி என்று வழிகாட்டியிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

டாக்டரின் குடும்பத்தாரைத் தேடிப்போய்ச் சிபாரிசு கேட்பதில் பயனில்லை. உயிலில் தனியாகச் சொல்லியிருந்தால் தவிர, ஆளைத் தேர்ந்தெடுப்பது பல்கலைக்கழகக் குழுதான். முழு நிபந்தனைகள் அறிவிப்பில் இல்லாவிட்டால், உதவித்தொகைப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.