பிக்சர் புக்: தமிழில் எப்படிச் சொல்வது?

அம்மாவும் கைக்குழந்தையும் மட்டுமே வரும் ஒரு குட்டிப் புத்தகம். ஒரு பக்கத்தில் 'அம்மா பாப்பாவைத் தூங்க வைத்துவிட்டாள்' என்று ஒரே வரி. படத்திலோ அம்மாதான் அசந்து தூங்குகிறாள். பாப்பா கொட்டக் கொட்ட விழித்தபடி அவள் முடியைப் பிடித்து இழுக்கிறது. வரியை மட்டும் படித்தால் இந்த வேடிக்கை கிடைக்காது. வரியை மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தாலும் பாதி போய்விடும். இப்படி எழுத்தும் படமும் கதையைப் பங்கு போட்டுக்கொள்ளும் புத்தகம்தான் பிக்சர் புக். கதைக்கு நடுவே அங்கங்கே படம் போட்ட புத்தகம் வேறு. அதில் படங்களை எடுத்துவிட்டாலும் கதை நிற்கும்.

'பிக்சர்' என்பது வண்ணம் தீட்டுவதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல். குழந்தைகளுக்கான முதல் படப்புத்தகம் என்று பலரும் காட்டுவது கல்வியாளர் கொமேனியஸ் 1658-இல் வெளியிட்ட 'ஓர்பிஸ் பிக்டுஸ்'. ஆனால் அது உலகப் பொருள்களைப் படம் போட்டு லத்தீன் கற்பித்த பாடநூல். வரி சொல்லாததைப் படம் சொல்லும் கலையை வளர்த்தவர்களில் முக்கியமானவர் 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஓவியர் ராண்டால்ஃப் கால்டிகாட். அவர் பெயரில்தான் அமெரிக்காவில் 1938 முதல் படப்புத்தக ஓவியர்களுக்குப் பதக்கம் தருகிறார்கள்.

சரி, தமிழில்? படக்கதை, சித்திரக்கதை இரண்டையும் காமிக்ஸ் எடுத்துக்கொண்டுவிட்டது. அந்தப் பெயரைக் கேட்டதும் கட்டங்களும் பேச்சுக் குமிழிகளும்தான் நினைவுக்கு வரும். 'ஓவிய நூல்' என்றால் ஓவியரின் தொகுப்பு போல ஒலிக்கிறது. என் ஓட்டு 'படப்புத்தகம்' என்பதற்கே. புத்தகம் வடசொல் ஆயிற்றே என்பார்கள். உண்மைதான், ஆனால் படமும் அப்படித்தான். 'பட' என்றால் துணி. சித்திரம் தீட்டிய சீலையைக் குறித்து, அப்புறம் சித்திரத்துக்கே பெயரானது. மயிலுக்குப் பேகன் கொடுத்ததாகப் புறநானூறு 141 சொல்லும் 'படாஅம்' போர்வைதான். 'நூல்' தமிழ்ச்சொல், அதுவும் இழையில் பிறந்தது. ஆக, 'படநூல்' என்றாலும் தவறில்லை, நூலகப் பட்டியலுக்குப் பொருந்தும். மடியில் இருக்கும் குழந்தை கேட்கப்போவது 'புத்தகம்'தான்.

கைக்குழந்தைக்கு வரும் தடித்த பக்கங்கள் கொண்ட வகைக்கு, அதாவது போர்டு புக்குக்கு, 'கெட்டி அட்டைப் புத்தகம்' என்று சொல்லலாம். வெறும் 'அட்டைப் புத்தகம்' என்றால் மேலட்டையை மட்டும் நினைத்துக்கொள்வார்கள். பிறந்த குழந்தைக்கு ஓரளவு தெளிவாகத் தெரிவது சுமார் 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம்வரைதான், கிட்டத்தட்ட பால் குடிக்கும்போது அம்மாவின் முகம் இருக்கும் தூரம். இந்த வகையில் பெரிய முகங்களும் கறுப்பு வெள்ளைக் கோலங்களும் நிறைய வருவதற்குக் குழந்தையின் பார்வைதான் காரணம்.

எழுதும்போது 'பட புத்தகம்' என்று பிரிக்க வேண்டாம். 'ப்' மிகும்: படப்புத்தகம்.