குருத்தணு: ஸ்டெம் செல்லுக்கு நல்ல தமிழ்

குலை தள்ளாத வாழையைக் குறுக்கே வெட்டிவிட்டு மறுநாள் போய்ப் பாருங்கள். வெட்டுவாயின் நடுவில் பச்சையாக ஒரு சுருள் எழும்பி நிற்கும். அதுதான் குருத்து. தென்னைக்கு இருப்பது ஒரே வளர்நுனி. குருத்தழுகல் முற்றி அது செத்தால் மரம் போச்சு. இனி வர வேண்டிய ஓலை, பாளை எல்லாம் அந்த நுனியில் இருந்துதான் வந்தாக வேண்டும். ஸ்டெம் செல் என்பது தானும் பெருகிக்கொண்டு, வேறு வகைச் செல்களாகவும் மாறக்கூடிய செல். செடிகொடிகளின் ஸ்டெம் செல்கள் இருக்கும் முக்கியமான இடமும் அந்த நுனிதான். அதனால் குருத்தணு என்ற சொல்லை வெறும் உவமை என்று ஒதுக்க முடியாது. பொருளும் அப்படியே பொருந்துகிறது.

ஆங்கிலச் சொல்லுக்கு இந்தப் பொருத்தம் இல்லை. 1868இல் ஜெர்மானிய உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் 'ஸ்டாம்செல்லே' என்று எழுதினார். ஜெர்மன் மொழியில் 'ஸ்டாம்' என்றால் அடிமரம். குலம் என்றும் பொருள். உயிரினங்களின் வம்சாவளியை மரமாக வரைந்தவர் அவர். எல்லா உயிருக்கும் மூதாதையான ஒற்றைச் செல் உயிரைத்தான் முதலில் அப்படி அழைத்தார். பிறகு கருவுற்ற முட்டைக்கும் அதே பெயரைக் கொடுத்தார். 1896இல் அமெரிக்க உயிரியலாளர் எட்மண்ட் வில்சனின் நூல் வழியாக அது 'ஸ்டெம் செல்' என்று ஆங்கிலத்தில் பரவியது. ஆக, அங்கே 'ஸ்டெம்' என்பது கீரைத்தண்டு அல்ல, குலத்தின் அடிமரம். நாம் கொடிவழி என்கிறோமே, அந்த வகை.

இது புரியாமல் போட்ட சொல்தான் 'தண்டணு'. தண்டுவடத்தில் இருக்கும் ஏதோ ஒன்று என்றுதான் படிப்பவர் நினைப்பார். 'மூல உயிரணு' தவறில்லை. ஹெக்கலின் கருத்துக்கு நெருக்கமும்கூட. ஆனால் நம் ஊர்ச் சுவர் விளம்பரங்களில் மூலம் என்றால் வேறு நோய்! குருத்தணுவிலும் ஒரு சிக்கல் உண்டு. அவசரத்தில் குருதியணு என்று தட்டிவிட்டால் ரத்த அணுவாகிவிடும்.

அரசு நிதி, அறநெறி என்று பேச்சு வரும்போது இன்னும் மூன்று சொற்களைக் கவனித்து எழுத வேண்டியிருக்கிறது.

முதலாவது, கரு. கரு என்றதும் நமக்குக் கருப்பை நினைவுக்கு வரும். கருக் குருத்தணு எடுக்கப்படுவதோ ஆய்வகத் தட்டில் வளர்ந்த, ஐந்தாறு நாள் வயதான, நூறு இருநூறு செல்கள் கொண்ட உருண்டையிலிருந்து. இலங்கைப் பாடநூல்களில் வரும் 'முளையம்' இங்கே தெளிவான சொல். அந்த உருண்டையை மனித உயிராக மதிப்பதா என்பதில்தான் சண்டையே. பிரிட்டனில் 1984இல் அரசு அமைத்த வார்னாக் குழு, 14 நாளுக்கு மேல் முளையத்தை ஆய்வகத்தில் வளர்க்கக் கூடாது என்று கோடு போட்டது. 1990இல் அது சட்டமானது. ஜெர்மனி முளையத்தை அழிக்கவே கூடாது என்றது. ஆனால் குறிப்பிட்ட தேதிக்கு முன் வெளிநாட்டில் உருவான குருத்தணுக்களை, நிபந்தனைகளோடு இறக்குமதி செய்துகொள்ளலாம் என்று 2002இல் சட்டம் போட்டது. சாமர்த்தியமா, சங்கடமா என்று நீங்களே சொல்லுங்கள்.

இரண்டாவது, 'லைன்'. உடனே வரிசை என்று எழுதத் தோன்றும். இது ரேஷன் கடை வரிசை இல்லை. ஒரு முளையத்திலிருந்து எடுத்து, தட்டில் பெருகிக்கொண்டே இருக்கும் செல்களின் சந்ததி. கால்வழி என்ற நல்ல சொல் இருக்கும்போது வரிசை எதற்கு?

மூன்றாவது, தடை. 2001 ஆகஸ்ட் 9 அன்று அமெரிக்க அதிபர் புஷ் அறிவித்ததைத் தடை என்று எழுதினால் தப்பு. அன்றைக்கு முன்பே உருவான கால்வழிகளுக்கு மட்டும்தான் மத்திய அரசுப் பணம் என்றார், அவ்வளவுதான். அறுபதுக்கு மேல் இருப்பதாகச் சொன்னார்கள். உண்மையில் பயன்பட்டவை 20 சொச்சம். தனியார் பணத்தில் செய்வதை யாரும் தடுக்கவில்லை. 1998இல் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் முதன்முதலாக மனித முளையத்திலிருந்து குருத்தணுவைப் பிரித்ததே தனியார் பணத்தில்தான். ஏனென்றால் முளையத்தை அழிக்கும் ஆய்வுக்கு மத்திய அரசு நிதி தரக் கூடாது என்ற விதி 1996 முதலே இருந்தது. கலிபோர்னியா மக்கள் 2004இல் வாக்களித்து 300 கோடி டாலரை மாநிலக் கடன் பத்திரங்கள் வழியே ஒதுக்கினார்கள். புஷ் வைத்த தேதிக் கட்டுப்பாட்டை 2009இல் ஒபாமா எடுத்தார். 1996 விதி அப்படியே இருந்தது.

இதற்கிடையில் 2006இல் ஜப்பானின் ஷின்யா யமனாகா, எலியின் தோல் பகுதிச் செல்களையே குருத்தணுபோல் மாற்றிக் காட்டினார். காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும் என்பார்கள். இவர் முற்றிய ஓலையைத் திரும்பக் குருத்தாக்கிவிட்டார். முளையம் தேவையில்லாததால் பாதிச் சண்டை தணிந்தது.

அப்புறம் இந்தியா. இங்கே சண்டை முளையத்தைப் பற்றி அதிகம் இல்லை. சிகிச்சை என்ற சொல்லைப் பற்றித்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2007இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறையின் தலைப்பில் 'ஆராய்ச்சி மற்றும் சிகிச்சை' என்று இருந்தது. 2013இல் திருத்தியபோது 'சிகிச்சை'யை வேண்டுமென்றே எடுத்துவிட்டார்கள். ரத்தம் சார்ந்த நோய்களுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவை தவிர, மற்றதெல்லாம் இன்னும் ஆராய்ச்சிதான் என்பது காரணம். அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வுக்கு வெளியே நோயாளிக்குக் குருத்தணு செலுத்துவது அறமல்ல என்று 2017 பதிப்பும் சொல்கிறது.