‘நெல்லை’ என்று தட்டிப் பாருங்கள்: டிசைன் மென்பொருளில் தமிழ் உடைவது ஏன்?

கோயில் கொடை விழாக் காலம் வந்துவிட்டால் நெல்லைச் சீமையில் நோட்டீஸ் அடிக்காத ஊர் குறைவு. சாமி பேர், கால்நாட்டு நாள், வில்லிசை, வரிதாரர் பட்டியல் என எல்லாம் ஒரே தாளில் அடங்கியாக வேண்டும். இந்த வேலையைப் புது மென்பொருளுக்கு மாற்றும் கடைக்காரர் முதல் நாளே பார்ப்பது, ‘பேச்சியம்மாள்’ பெயரின் கொம்பு ப-வுக்குப் பின்னால் போய் நிற்பதை. “இதுல தமிழ் வராது” என்று முடிவுகட்டி, பழைய கோரல் டிரா மென்பொருளுக்கும் பாமினி எழுத்துருவுக்கும் திரும்பிவிடுகிறார். பெரும்பாலான நேரம் கோளாறு ஒரே ஒரு அமைப்பில்தான் இருக்கிறது. அதற்காகப் புதுக் கருவியையே கைவிடுவது பெரிய இழப்பு.

‘நெல்லை’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் அது ஆறு குறியீடுகள்: ந, ஒற்றைக்கொம்பு, ல, புள்ளி, ல, ஐகாரக் கொம்பு. நாம் உச்சரிக்கும் வரிசைப்படி மெய்தான் முதலில் பதிவாகிறது, கொம்பு அதற்குப் பின்னால். திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவருவதும், புள்ளியை ல-வின் தலையில் வைப்பதும் மென்பொருளுக்குள் எழுத்தைக் கோக்கும் இயந்திரத்தின் பொறுப்பு. ஆங்கிலத்துக்கு மட்டுமான இயந்திரம் ஓடினால், பதிவான வரிசையிலேயே எழுத்துகள் கொட்டப்படும்.

பாமினி எங்கும் ‘சரியாக’ வருவதற்குக் காரணம் வேறு. அதில் கணினிக்குத் தெரிவது ஆங்கில எழுத்துகள் மட்டுமே. நம் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அவை அடுக்கப்பட்டு, மேலே தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் போர்வை கழன்றுவிடும். போன வருடக் கோப்பில் ஒரு பெயரைத் தமிழில் தேடினால் கிடைக்கவும் செய்யாது. 2010-லேயே தமிழக அரசு யூனிகோடைத் தர எழுத்துமுறையாக அறிவித்துவிட்டது. இன்னும் பாமினியில் புதுக் கோப்பு தொடங்குவதற்கு நியாயமே இல்லை.

அமைப்புக்கு வருவோம். எழுத்தைக் கோக்கும் அந்த இயந்திரத்துக்கு அடோபி மென்பொருள்களில் ‘கம்போசர்’ என்று பெயர். இன்டிசைனில் பேராகிராஃப் பேனலின் மூலை மெனுவைத் திறந்து ‘அடோபி வேர்ல்ட்-ரெடி பேராகிராஃப் கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கோப்பு எதுவும் திறந்திராதபோது இதைச் செய்தால், இனித் தொடங்கும் எல்லாக் கோப்புக்கும் அதுவே நிலைக்கும். இல்லஸ்ட்ரேட்டரில் ப்ரெஃபரன்சஸ், டைப் பகுதிக்குப் போய் இண்டிக் ஆப்ஷன்களைக் காட்டச் சொல்லி டிக் செய்துவிட்டு, பேராகிராஃப் பேனலில் ‘மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்’ கம்போசரை எடுக்க வேண்டும். போட்டோஷாப் 2022 முதல் ஒரே எழுத்து இயந்திரம் எல்லா மொழிக்கும் வேலை செய்கிறது. அதற்கு முந்தியதில் டைப் பகுதியில் தெற்காசிய மொழிகளுக்கான விருப்பத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு புதிய கோப்பு தொடங்குங்கள். பழைய கோப்பை வைத்துக்கொண்டு ‘மாறலையே’ என்று பார்ப்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். காசில்லாமல் கிடைக்கும் இங்க்ஸ்கேப், கிம்ப், லிப்ரே ஆபீஸ் மூன்றிலும் இந்தத் தொல்லையே இல்லை.

எந்தக் கருவியானாலும் முதலில் ஒரு வரி தட்டிச் சோதியுங்கள்: ‘ஸ்ரீ கௌரி, நெல்லை, கொடை, கோயில், தூத்துக்குடி’. இது உடையாமல் வந்தால் மற்றதும் வரும். கௌரியில் ள-வை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுக்க முடிகிறதென்றால் தட்டியவர் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டிருக்கிறார். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடலில் சிக்காது.

எழுத்துருவுக்குப் பஞ்சமில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேடமரான், அனெக் தமிழ், பலூ தம்பி 2 எல்லாம் திறந்த உரிமத்தில் கூகுள் ஃபான்ட்ஸில் இருக்கின்றன. அச்சு வேலைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். தடிப்பு வேண்டுமென்றால் அதே குடும்பத்தின் போல்டைத்தான் எடுக்க வேண்டும். மென்பொருள் தானாக ஊதிப் பெருக்கும் போலி போல்டில் ண, ஐ இவற்றின் சுழி அடைத்துப்போகும். எழுத்து இடைவெளியைப் பூஜ்யத்தில் வையுங்கள். அதைக் கூட்டினால் ‘கா’வில் கால் தனியே விலகி நிற்கும். வரி இடைவெளி எழுத்தளவைப்போல் ஒன்றரை மடங்கு இருந்தால் மேல்வரியின் ‘மு’, ‘கு’ வால்கள் கீழ்வரியின் புள்ளியில் இடிக்காது. இருபக்கமும் சமன்செய்யும் ஆசையையும் விட்டுவிடலாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. சிறு பத்தியில் சொற்களுக்கு நடுவே ஆற்றங்கால்போல் வெள்ளை இடம் ஓடும்.

பழைய பட்டியலை யூனிகோடுக்கு மாற்றும்போது, அதன் எழுத்துரு பாமினியா, வானவில்லா, டேம் (TAM) வகையா என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும். வகை மாறினால் எழுத்தே மாறிவிடும். ஆங்கில இனிஷியல்களையும் ஊர்ப் பின்கோடு போன்ற எண்களையும் விலக்கி வைத்துவிட்டு மாற்றுங்கள். சேர்த்துப் போட்டால் ஆங்கில எழுத்துகளும் தமிழாக உருமாறிக் குப்பையாகும். ஜ, ஷ, ஞ, மேற்கோள்குறி இவற்றைக் கண்ணால் ஒருமுறை பார்க்காமல் அச்சுக்கு விட வேண்டாம்.

படம் வரையும் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் பின்னணி கேளுங்கள், எழுத்தைக் கேட்காதீர்கள். அது எழுத்தையும் சித்திரமாகவே வரைவதால், தமிழ்போலத் தெரியும் தமிழில்லாத உருவங்கள் வந்துவிடக்கூடும். சாமி பேரிலேயே அப்படி ஒரு பிழை விழுந்தால் ஊருக்கு என்ன பதில் சொல்வது?

சிவகாசிக்குப் போகும் ஆஃப்செட் வேலையென்றால் 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி. ஏ5 தாளுக்கு 148க்கு 210 மி.மீ., ஓரம் வெட்டுவதற்காகச் சுற்றிலும் 3 மி.மீ. கூட்டி 154க்கு 216. பத்தடிக்கு எட்டடி ஃபிளெக்ஸுக்கு 72 டிபிஐ போதும். 8640க்கு 6912 பிக்சல். திரையில் பளபளக்கும் கிளிப்பச்சை நான்கு மையில் மங்கித்தான் விழும். அந்த நான்கு மைக்கான நிறமுறையான சிஎம்ஒய்கே-யில் பார்த்தபிறகே நோட்டீஸ் அடிக்கச் சொன்னவர்களிடம் ஒப்புதல் வாங்குங்கள். பொடி எழுத்துக்கு கறுப்பு மை மட்டும் 100 சதவீதம் வையுங்கள். திரைக்கான ஆர்ஜிபி கறுப்பை அப்படியே மாற்றினால் நான்கு மையும் கலக்கும். அச்சில் ஒரு மயிரிழை நகர்ந்தாலே பெயர்களுக்குச் சிவப்பு நிழல் விழும்.

அச்சகம் ‘கர்வ் பண்ணி அனுப்புங்க’ என்னும். கோரலில் கண்ட்ரோல் கியூ, இல்லஸ்ட்ரேட்டரில் கண்ட்ரோல் ஷிஃப்ட் ஓ. கர்வ் ஆன எழுத்து வெறும் கோடு. அதில் பெயர் திருத்த முடியாது. ஆகவே முதலில் மூலக் கோப்பைச் சேமித்து, வேறு பெயரில் நகலெடுத்து, நகலை மட்டும் கர்வ் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது அதை டாக்குமெண்டாக இணையுங்கள். படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், முதலில் அழிவது மெய்யெழுத்தின் புள்ளிகள்தான்.