அசைகள் தாளம் போடுமா?

சீரான இடைவெளியில் தட்டும் தாளக்கருவியான மெட்ரோனோமின் ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் அசை (வாய் ஒருமுறை திறந்து சொல்லும் ஒலித்துண்டு) என்று பேசவைத்தால், திக்குபவருக்குப் பெரும்பாலும் அந்த நிமிடமே திக்கல் குறையும். உடனே ‘மூளையில் தாளம் தப்பியதுதான் நோய்’ என்று முடிவுகட்டி, கைப்பேசியில் செயலியை இறக்கிக்கொள்கிறார்கள். தட்டை நிறுத்தினால் திக்கல் திரும்பிவிடுவது அப்புறம்தான் தெரியவரும்.

பேச்சில் தாளம் இல்லாமல் இல்லை. ஒலியின் வலு நொடிக்கு ஏறத்தாழ 4, 5 முறை ஏறி இறங்குகிறது. பல மொழிகளில் அளந்தும் இதே அளவுதான். கேட்பவரின் மூளை அலைகளும் அந்த ஏற்றங்களைத் தொடர்ந்து போகின்றன. 2009இல் கிட்ஸா, கிரீன்பெர்க் என்ற ஆய்வாளர்கள் பேச்சை மூன்று மடங்கு வேகமாக்கியபோது சொற்களில் பாதியளவு விளங்கவில்லை. அதே ஒலியை 40 மில்லிசெகண்ட் துண்டுகளாக வெட்டி, நடுவே 80 மில்லிசெகண்ட் மௌனம் வைத்ததும் தெளிவு நன்றாகக் கூடியது. ஒலியில் புதிதாக எதுவும் சேர்க்கப்படவில்லை, மூளை தொடரக்கூடிய தாளம்தான் திரும்பியது என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் 4, 5 என்பது சராசரி. ‘சாப்பிடலாம்’ என்பதில் வாய் நான்கு முறை திறக்கிறது. (யாப்புக் கணக்கில் சாப்-பிட-லாம் என மூன்றே அசை, இங்கே பேசுவது அந்த அசையை அல்ல.) வீட்டில் ‘சாப்டலாம்’ என்போம், மூன்றாகிவிடும். நெடில் நீளும், குறில் விழுங்கப்படும். இதைக் கடிகார ஊசல் என்று சொல்ல முடியாது.

உண்மையில் ஊசல்போல நடப்பது, முடிந்தவரை வேகமாக ‘ப’வைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கும் ‘ப-ப-ப’ பேச்சுச் சோதனையில்தான்; தாடையும் உதடும் ஒரே அசைவைத் திரும்பச் செய்கின்றன. பெரியவர்கள் 5 நொடியில் சுமார் 25 முதல் 35 வரை சொல்வார்கள். எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொண்டால் ஏமாறுவோம். சிறுமூளை பாதித்தவருக்கு வேகம் குறைவதோடு இடைவெளியும் தாறுமாறாகும். பார்க்கின்சன் உள்ளவருக்கு எண்ணிக்கை சரியாகவே இருக்கலாம். உதடு முழுதாக மூடாததால் ‘ப’க்கள் ஒன்றோடொன்று இழையும். பதிவுசெய்து அலைவடிவத்தில் பார்த்தால்தான் அது பிடிபடும். இந்தச் சோதனையில் தேறியவர் உரையாடலிலும் தெளிவாகப் பேசுவார் என்பதற்கு உறுதியில்லை.

காது மந்தமான தாத்தாவிடம் ‘சாப்...பி...ட...லாம்’ என்று இழுப்பது வழக்கமான தவறு. அசைகளைப் பிய்த்தால் சொல்லின் வடிவமே போய்விடும். சொல்லை இயல்பாகச் சொல்லிவிட்டு, தொடர் முடியும் இடத்தில் அரை நொடி நிறுத்துங்கள். எதிரொலிக்கும் கூடத்தில் அசைகளுக்கு நடுவில் ஒலி தாழும் பள்ளங்கள் தூர்ந்துபோகின்றன. டிவி சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்தே கூடும். டிவியை அணைத்துவிட்டு, ஒரு மீட்டர் தூரத்தில் முகம் பார்த்துப் பேசுவதுதான் பலன் தரும்.

திக்கும் மழலையருக்குச் சிட்னியில் உருவான வெஸ்ட்மீட் முறையிலும் அசைக்கு அசை சமநேரம் பழக்குகிறார்கள். ஆனால் இயல்பை ஒட்டிய வேகத்தில், பெற்றோர் பேசிக்காட்ட, சில நிமிடங்களாக நாளில் பலமுறை. வேகத்தைப் பாதியாக்கிப் பழக்கினால் பிள்ளை பள்ளியில் அப்படிப் பேசக் கூசும். பயிற்சி வீட்டு வாசலோடு நின்றுவிடும்.