கிடை மண்ணில் உதிரும் புழு

கரிசல்காட்டில் கிடை போட்டிருந்த ஒருவர், சீமைக்கருவேல முள் கிழித்த ஆட்டின் தொடைப் புண்ணிலிருந்து புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தம் காலடி மண்ணிலேயே போட்டுக்கொண்டிருந்தார். எடுத்தது சரி, போட்ட இடம்தான் தவறு. வளர்ந்த புழு மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகி, நம் ஊர் வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈயாக வெளிவந்து, அதே கிடையில் அடுத்த புண்ணைத் தேடும்.

நீலப்பச்சையாக மின்னும் அந்த ஈயின் புழு, செத்த சதையைத் தின்பதில்லை. உயிருள்ள சதையைத் தின்றபடியே உள்ளே இறங்குகிறது. உண்ணி கடித்த சிறு புண்ணும், காதுவில்லை மாட்டிய துளையும், ஈன்ற குட்டியின் ஈரத் தொப்புளும் அந்த ஈ முட்டையிடப் போதுமானவை. ஒரு நாளுக்குள் முட்டை பொரித்துவிடும். அடுத்த ஆறேழு நாளில் புழு முற்றி மண்ணில் விழும். ஆகவே, மந்தையை விட்டு ஒதுங்கி நின்று காலை உதைக்கும் ஆட்டையும், துர்நாற்றத்துடன் நீர் கசியும் இடத்தையும் அன்றைக்கே பார்த்துவிட வேண்டும்.

புழுக்கள் தலையைச் சதைக்குள் புதைத்து, வால்முனை வழியாக மூச்சு விடுகின்றன. டர்பன்டைன் எண்ணெயில் நனைத்த பஞ்சால் புண்ணைச் சில நிமிடம் அடைத்தால், மூச்சு முட்டி மேலே வரும். அவற்றை இடுக்கியால் எடுத்து, மண்ணெண்ணெய் ஊற்றிய டப்பாவில் போட வேண்டும். பிறகு புண்ணைச் சுற்றி வேப்பெண்ணெய் தடவி, ஆறும்வரை தினமும் பார்க்க வேண்டும். கண்ணருகிலோ தொப்புளிலோ புழு இருந்தால் டர்பன்டைனைத் தொடாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். பருத்திக்கு அடிக்கும் மருந்தைப் புண்ணில் ஊற்றி, புழுவோடு ஆட்டையும் இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

குட்டி விழுந்ததும் தொப்புளில் டிங்சர் அயோடின் தடவுவதும், காயடிப்பதையும் காதுவில்லை மாட்டுவதையும் மழை மாதங்களில் தவிர்ப்பதும் அதிகச் செலவில்லாத காரியங்கள்.

மூக்கு ஈயின் கதை வேறு. அது முட்டையிடுவதில்லை, பறந்தபடியே உயிருள்ள புழுக்களை மூக்குத்துளையில் பீய்ச்சிவிட்டுப் போகும். உச்சி வெயிலில் ஆடுகள் ஒன்றின் வயிற்றடியில் மற்றொன்று தலையை நுழைத்து நிற்பதைப் பார்த்து, "வெயிலுக்கு ஒதுங்குது" என்பார்கள். பல நேரம் அது உண்மையும்கூட. ஆனால், அதோடு தும்மலும் கெட்டிச் சளியும் தொடர்ந்தால் மூக்குப்புழுவைச் சந்தேகிக்க வேண்டும். தும்மி விழும் முற்றிய புழுவும் அதே மண்ணில்தான் கூட்டுப்புழுவாகிறது. இதற்குத் தோலுக்கடியில் போடும் ஒரு சதவீத ஐவர்மெக்டின் ஊசி, 25 கிலோ ஆட்டுக்கு அரை மில்லிதான். கண்மதிப்பில் போடாமல் எடை பார்த்து, மருத்துவர் சொல்லும் அளவில் போடுங்கள். ஊசி போட்ட ஆட்டை எத்தனை நாள் கழித்துக் கறிக்கு விற்கலாம் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.